அனுப்புநர் பெயர் இல்லாத மூட்டை

சென்ற வெள்ளிக்கிழமை பஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு, திண்டிவனத்து வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தோம். தேநீர் வருவதற்குள் கைபேசி பதினொரு முறை முனகிவிட்டது. எடுத்துப் பார்த்தால், ரோஜாப்பூவின் மீது ஒரு 'ஜும்ஆ முபாரக்'. கஅபாவின் மீது ஒரு 'ஜும்ஆ முபாரக்'. எந்த நாட்டினதென்று தெரியாத ஒரு நீல ஏரியின் மீது இன்னொரு 'ஜும்ஆ முபாரக்'! துபாயிலிருக்கும் மருமகன் அனுப்பியதையே திருச்சியிலிருக்கும் மச்சான் அனுப்புகின்றார். அதனையே அடுத்த அறையில் படுத்திருக்கும் நம் மகனும் நமக்கு அனுப்பி வைக்கின்றான். எழுந்து வந்து ஒரு ஸலாம் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான்!

பன்னிரண்டாவதாக வந்தது படமன்று, நீண்ட கடிதம். முதல் இரண்டு வரிகளைப் படித்ததுமே, "அடடே, நீங்களா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டோம். பழைய நண்பரை இரயிலடியில் எதிர்பாராமல் சந்தித்தவரைப் போல நமக்கு ஒரு மகிழ்ச்சி.

மதீனா மாநகரில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்தைக் காத்து வருபவராகச் சொல்லப்படும் ஷைகு அஹ்மது என்பவர் கனவு கண்டாராம். உலக முடிவு நெருங்கிவிட்டதாக அக்கனவில் எச்சரிக்கப்பட்டதாம். இதைப் படிப்பவர் படியெடுத்துப் பலருக்கும் அனுப்ப வேண்டுமாம். அனுப்பியவருக்கு வியாபாரத்தில் கொள்ளை இலாபம் கிடைத்ததாம். அலட்சியம் செய்தவர் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தாராம்! வாசக அன்பர்களில் இக்கடிதத்தைக் காணாதவர் இருப்பது அரிது. நோட்டீசாகவோ, நகலாகவோ, குறுஞ்செய்தியாகவோ அது உங்கள் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டியிருக்கும்.

நமக்கும் ஷைகு அஹ்மதுக்கும் நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம். 1981-ஆம் ஆண்டு நாம் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் நம் பெயருக்கே ஓர் அஞ்சலட்டை வந்தது. நம் பெயருக்குக் கடிதம் வருவதென்பது அந்நாளில் எவ்வளவு பெரிய கௌரவம்! வீதியிலேயே நின்று படித்தோம். எறும்பு ஊர்வது போன்ற சிறிய எழுத்தில், ஓரங்களிலும் இடம் விடாமல் எழுதியிருந்தார்கள். ஒன்பது நாள்களுக்குள் ஒன்பது பேருக்கு எழுதியாக வேண்டும். இல்லையெனில்... அந்த 'இல்லையெனில்' நம்மை மூன்று இரவுகள் உறங்க விடவில்லை.

அஞ்சலட்டை ஒன்றின் விலை அப்போது 15 காசு. ஒன்பது அட்டைக்கு 1 ரூபாய் 35 காசு. பெருநாளைக்குக் கிடைத்த காசையெல்லாம் உண்டியலிலிருந்து கவிழ்த்துக் கொட்டினோம். அட்டைகளை வாங்கிவந்து மாடிப்படியின் அடியில் மறைந்திருந்து எழுதத் தொடங்கினோம். முதல் அட்டையை மக்தபு ஹஜரத்துக்கே எழுதினோம். நம்மை அச்சுறுத்திப் பழகியவரை ஒரு நாளேனும் அச்சுறுத்திப் பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான்!

இதில் நாம் மட்டும் அகப்பட்டுக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு நண்பனுக்குத் திருப்பதியின் பெயரால் இப்படி ஓர் அட்டை வந்திருந்தது. கிறித்தவத் தோழன் ஒருவனுக்குப் புனிதர் ஒருவரின் பெயரால் வந்திருந்தது. மூவரும் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஒப்பிட்டுப் பார்த்தோம். பெயர்கள்தாம் வேறு, இலாபமும் நட்டமும் ஏறக்குறைய ஒன்றே. மூன்று மதத்துப் பிள்ளைகளும் அன்று மிகுந்த ஒற்றுமையோடு பயந்தோம்.

நம் அத்தா அப்போது விழுப்புரம் சந்திப்பில் பார்சல் அலுவலக எழுத்தராகப் பணியாற்றி வந்தார்கள். மீட்டர் கேஜ் பாதையில் மின்சார எஞ்சின் ஓடிய காலம் அது. காலையில் திண்டிவனத்தில் வண்டியேறினால், இரவு இஷாவுக்குப் பிறகுதான் வீடு திரும்புவார்கள். விழுப்புரம் சந்திப்போ ஐந்து திசைகளுக்கு இருப்புப்பாதை பிரியும் இடம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என எத்திசையிலிருந்தும் மூட்டைகள் வந்து குவியும். கருவாட்டுக் கூடை, வெற்றிலைக் கட்டு, கைத்தறிச் சேலைப் பொதி என்று அத்தனையும் அத்தாவின் கண் முன்னே எடை போடப்பட்டு, சீட்டு ஒட்டப்பட்டு, வண்டி மாறிச் செல்லும்.

நான்காவது அட்டையை எழுதிக்கொண்டிருந்தபோது அத்தா பார்த்துவிட்டார்கள். அடி விழும் என்று எதிர்பார்த்தோம்; விழவில்லை. நமக்கு வந்த அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள்.

"அனுப்புனவர் பேரு எங்கேப்பா?" என்று கேட்டார்கள்.

இல்லை என்று தலையசைத்தோம்.

"பேர் எழுதாத மூட்டையை நாங்க வண்டியிலேயே ஏத்த மாட்டோம். நீ தலையிலேயே ஏத்திக்கிட்டியே!"

அவ்வளவுதான் சொன்னார்கள். எழுதிய அட்டைகளைக் கிழித்து அடுப்பில் போட்டார்கள். எழுதாமல் எஞ்சிய ஐந்து அட்டைகளிலும் உறவினர்களுக்கு நலம் விசாரித்து எழுதச் சொன்னார்கள். அவற்றுள் ஒன்று விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவுக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் நம் பெயரையும் முகவரியையும் எழுதச் செய்து, சரிபார்த்த பிறகே தபால் பெட்டியில் போட விட்டார்கள். ஒன்பது நாள் கடந்தது. பத்தாம் நாளும் வந்தது. ஒன்றும் நேரவில்லை. ஹஜரத்தை அச்சுறுத்தும் வாய்ப்புத்தான் கைநழுவிப் போயிற்று.

பின்னாளில்தான் இந்த ஷைகு அஹ்மதின் வயது நமக்குத் தெரியவந்தது. ஸ்னூக் ஹுர்க்ரோன்யே என்னும் டச்சு அறிஞர் இக்கடிதத்தைப் பற்றி 1884-ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியிருக்கின்றார். டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில், இன்றைய இந்தோனேசியாவில், அது அப்போதே கைக்குக் கை உலவிக்கொண்டிருந்தது. எகிப்திலிருந்து வெளிவந்த அல்-மனார் இதழின் ஆசிரியர் ரஷீத் ரிளா, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவத்திலிருந்தே இக்கடிதத்தைப் பலமுறை கண்டு வருவதாக எழுதினார். சவூதி அரேபியாவின் பேரறிஞர் ஷைகு இப்னு பாஸ் அவர்களும் இது பொய்யான கட்டுக்கதை என விரிவாக மறுத்தெழுதினார்கள். இவர்களெல்லாம் இவ்வுலகை விட்டுச் சென்றுவிட்டனர். ஷைகு அஹ்மதுக்கு மட்டும் மரணமுமில்லை, பணி ஓய்வுமில்லை! 140 ஆண்டுகளுக்கு மேலாக அதே பணியில் இருக்கின்றார். அதே கனவைக் காண்கின்றார். கையெழுத்திலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து நகலெடுக்கும் பொறிக்கும், அங்கிருந்து கைபேசிக்கும் வண்டி மாறி மாறி வந்துவிட்டார். நம் விழுப்புரம் சந்திப்பில்கூட எந்த மூட்டையும் இத்தனை வண்டி மாறியதில்லை.

முன்பெல்லாம் இவர் பயணம் செய்யக் காசு வேண்டியிருந்தது. ஒன்பது அட்டைக்கு ஒரு சிறுவனின் பெருநாள் காசு வேண்டியிருந்தது. தந்தி கொடுப்பதென்றால் இன்னும் கடினம். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால், தந்தி அலுவலகத்து மேசையில் நின்று நின்று சொற்களை வெட்டுவோம். 'புறப்பட்டு வருக' என்பதில் 'புறப்பட்டு' எதற்கு, புறப்படாமல் எப்படி வருவது என்று வாதம் செய்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம். அந்தத் தந்திச் சேவையும் 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களோடு நம் நாட்டில் முடிவுக்கு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, இணையம் மலிந்தது, ஓலை வீட்டிலும் ஒரு திறன்பேசி ஒளிர்ந்தது. நல்லதுதான். வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகத்தைத் தாய்மார்கள் நாள்தோறும் காண்கின்றார்களே, அதற்கு ஈடுண்டா? ஆனால் ஒன்று. சொல்லுக்குக் காசு கேட்டபோது நாம் ஒவ்வொரு சொல்லையும் எண்ணினோம். காசு போனபோது எண்ணுவதையும் விட்டுவிட்டோம். தமிழில் 'எண்ணுதல்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு; இரண்டையுமே விட்டுவிட்டோம்!

நம் நாட்டவர் அனுப்பும் காலை வணக்கப் படங்கள் கைபேசிகளின் நினைவகத்தை நிரப்பி விடுவதைக் கூகுள் நிறுவனத்தார் ஆராய்ந்ததாக 2018-இல் செய்தி வந்தது. படித்துச் சிரித்தோம். அதே 2018-இல் சிரிக்க முடியாத செய்தி ஒன்றும் வந்தது.

பிள்ளை பிடிக்கும் கூட்டம் ஊருக்குள் நுழைந்துவிட்டதென்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி அப்போது வடமாவட்டங்களெங்கும் பரவியது. மே மாதம், அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், போளூருக்கு அருகே ஒரு குடும்பத்தார் குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்றார்கள். வழியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்போர் என்று எண்ணிக் கூட்டம் கூடிவிட்டது. அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். குழந்தைக்கு மிட்டாய் நீட்டிய கை! அதை எழுதும்போது இப்போதும் நம் பேனா தயங்குகின்றது. அவ்வதந்தியை அனுப்பியவர்கள் எவரும் கொலைகாரர்களல்லர். 'எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்று நல்லெண்ணத்தோடு விரலால் தட்டியவர்கள்தாம்.

நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழவே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் கடத்த முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் 2018 ஜூலையில் இந்தியாவில் வரம்பு விதித்தது. 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் அவ்வரம்பு வந்தது. பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே கடத்தலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள். ஆயினும், 'ஒருவர்' என்பது நாற்பத்திரண்டு பேர் கொண்ட நம் குடும்பக் குழுவாகவும் இருக்கலாம் அல்லவா?

இவ்வளவும் அறிந்த நாம் அறிவாளி என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். 2024 டிசம்பர் முதல் நாள் இரவுவரை.

நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் விலகிச் செல்லாமல் அங்கேயே நின்று கொட்டியது. திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. எங்கும் மின்சாரம் இல்லை. நம் வீட்டு முற்றமே குளமாகியிருந்தது. விழுப்புரத்தில் தாழ்வான தெருவொன்றில் அக்காவும் மருமகளும் கைக்குழந்தையும் மட்டும் இருந்தார்கள். மைத்துனர் மறைந்து ஆண்டுகள் ஆகின்றன, மகன் குவைத்தில்.

மறுநாள் இரவு பத்து மணிக்கு நமக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஏரி உடைந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும், உடனே வீட்டை விட்டு வெளியேறுங்கள் என்று ஒருவர் மூச்சிரைக்கப் பேசினார். நம் கை நடுங்கியது. பாதியைக் கேட்கும்போதே குடும்பக் குழுவுக்குத் தட்டிவிட்டோம். கைபேசியில் எஞ்சியிருந்த மின்னூட்டமும் அத்தோடு தீர்ந்தது.

மறுநாள் காலையில் இரயில் இல்லை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டிவிட்டதென்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நாற்பது கிலோமீட்டர் தூரத்தைப் பேருந்தில் ஊர்ந்து கடந்து விழுப்புரம் சேர்ந்தோம். அக்கா அடுத்த தெருவிலுள்ள ஒரு மாடி வீட்டில், வலக்கையில் மாவுக்கட்டோடு அமர்ந்திருந்தார்கள். நாம் அனுப்பிய பதிவைக் கேட்டதும், குழந்தையைத் தூக்கிய மருமகளை முன்னே விட்டு, இருட்டில் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கியிருக்கின்றார்கள். சாக்கடை ஓரத்துக் கல் இடறி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவர்களுடைய வீட்டுக்குள்ளோ தண்ணீர் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை.

அங்கே அமர்ந்துதான் அக்குரல் பதிவை முதன்முறையாக முடிவுவரை கேட்டோம். கடைசியில் அந்த மனிதர் ஊரின் பெயரைச் சொல்கின்றார். அது விழுப்புரம் அன்று. நம் மாவட்டமே அன்று. என்றோ, வேறெங்கோ பெய்த மழைக்கு எவரோ பேசியது! நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்கூட அதை முடிவுவரை கேட்கவில்லை. அனுப்பிய நாமே கேட்கவில்லையே!

"அக்கா, மன்னிச்சிடுங்க" என்றோம். வேறென்ன சொல்ல?

அக்கா கோபிக்கவில்லை. இடக்கையால் நம் தலையைத் தொட்டு, "அந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி. அனுப்புனது நீயாச்சே, அதனாலதான் நம்பிக் கிளம்பினேன்" என்றார்கள்.

ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அது நம்மைச் சுட்டதுபோல் வேறெதுவும் சுட்டதில்லை. திரும்பும் வழியெல்லாம் அச்சொல்லையே அசைபோட்டு வந்தோம்.

செய்தியைச் சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார் என்று கேட்பதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்த சமுதாயம் நம்முடையது. ஹதீஸ் கலையில் அதற்கு 'சனது' என்று பெயர், அறிவிப்பாளர் வரிசை. வாசகம் எவ்வளவு அழகாயிருந்தாலும், வரிசையில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அறிஞர்கள் தயங்கி நின்றார்கள். ஒவ்வோர் அறிவிப்பாளரும் உண்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, யாரை எப்போது சந்தித்தார் என்றெல்லாம் ஆராய்ந்து நூல் நூலாக எழுதி வைத்தார்கள். 870-ஆம் ஆண்டில் மறைந்த இமாம் புகாரி அவர்கள், 6 இலட்சம் அறிவிப்புகளைச் சலித்தெடுத்து, திரும்ப வருபவற்றையும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் ஹதீஸ்களையே தம் தொகுப்பில் இடம்பெறச் செய்தார்கள் என்பர். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்னும் கருத்தில், திருமறையின் அல்-ஹுஜுராத் அத்தியாயம் 6-ஆம் வசனத்தில் நமக்குக் கட்டளையே உண்டு. மக்தபில் மனனம் செய்த வசனந்தான். ஆனால் செய்தி கொண்டுவருகின்றவன் எப்போதும் வெளியாள் என்றே எண்ணிப் படித்துவிட்டோம். அன்று இரவு, அக்காவுக்கு அச்செய்தியைக் கொண்டுசென்றவர் நாமல்லவா?

'நான் எழுதியதில்லை, வந்ததை அனுப்பினேன்' என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். பெறுகின்றவருக்கு அந்தக் கணக்கு இல்லை. அவர் காண்பது கைபேசியில் தெரியும் நம் பெயரைத்தான். முகமறியாத ஒருவனின் பேச்சு, நாம் விரலால் தட்டிய நொடியில் தம்பியின் பேச்சாகிவிடுகின்றது, மகனின் பேச்சாகிவிடுகின்றது. அந்த வரிசையின் கடைசி அறிவிப்பாளர் நாம்தாம். நாற்பதாண்டு உறவில் சேர்ந்த நம்பிக்கையை, ஊர்பேர் தெரியாத மூட்டையின் மீது சீட்டாக ஒட்டி அனுப்பிவிட்டோம்.

அதன்பின் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டோம். எது வந்தாலும் முடிவுவரை கேட்பது, முடிவுவரை படிப்பது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று அனுப்பியவரையே கேட்பது. இறுதியாக, அத்தா அன்று செய்வித்ததுபோல், இதன் அடியில் நம் பெயரையும் முகவரியையும் எழுதுவோமா என்று நம்மையே கேட்பது. எழுதத் தயக்கம் தோன்றினால் அனுப்புவதில்லை. இந்த வழக்கத்தால் நம் கைபேசி மிகவும் இளைத்துவிட்டது. சில உறவினர்கள் நமக்கு உடல்நலம் குன்றிவிட்டதோ என்றுகூட விசாரித்தார்கள்!

சென்ற வெள்ளிக்கிழமை ஷைகு அஹ்மதை அழைத்து வந்தவர் நம் மச்சான் ஒருவர். "மச்சான், இது யார் சொன்னது?" என்று குழுவிலேயே கேட்டோம். "எனக்கு வந்துச்சு மாப்ளே, அனுப்பினேன்" என்று பதில் வந்தது. நாம் மேற்கொண்டு எழுதுவதற்குள் அக்காவின் குரல் பதிவு வந்து விழுந்தது. கை தேறிவிட்டாலும் எழுத்துத் தட்டுவதற்கு இன்னும் சோம்பல்.

"அத்தா இருந்திருந்தா இந்த மூட்டையை வண்டியில ஏத்தியிருக்க மாட்டாங்க."

குழு முழுதும் அமைதியாயிற்று. ஐந்து நிமிடம் கழித்து, எவரோ ஒருவர் மீண்டும் ஒரு ரோஜாப்பூவை அனுப்பினார்.

நாம் கைபேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து, அடுத்த அறைக்குச் சென்றோம். படுத்திருந்த மகனிடம், "அஸ்ஸலாமு அலைக்கும். ஜும்ஆ முபாரக்" என்றோம். பையன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"வ அலைக்கும் ஸலாம். என்னத்தா, நெட் கட்டாயிடுச்சா?"